டைமிங் பெல்ட் அறுந்த வண்டிக்குப் பழைய பிஸ்டனே போதுமா?

ஓடிக்கொண்டிருந்த வண்டி எந்த அறிகுறியும் காட்டாமல் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாததுபோல் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இப்படி ஆனால் பெரும்பாலும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது அதன் பல் உதிர்ந்திருக்கும். அந்த இடத்திலேயே சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பது, நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வது, கியரில் போட்டபடி கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். பெல்ட் இல்லாததால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் நின்றுவிட்டது, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் மட்டும் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் மோதும். முதல் அடியில் தப்பித்த பிஸ்டனைப் பத்தாவது அடியில் உடைக்க வேண்டாம்.

நான் பெருந்துறையில் என்ஜின் வேலை பார்க்கிறவன். சேலம் – கோவை நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால், வழியில் நின்ற கார்கள் ரெக்கவரி வண்டியில் ஏறி வந்து சேரும். எங்கள் பக்கத்து ஆட்கள் லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, ஆயில் என்ஜின் என்று பார்த்து வளர்ந்தவர்கள். திருச்செங்கோட்டு ரிக் லாரியிலும் சங்ககிரி லாரியிலும் டைமிங்குக்குப் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். அதனால் கார் நின்றதும், "பெல்ட்டுதானுங்களே, மாத்திப் போட்டா ஓடுமில்லீங்க?" என்று சாதாரணமாகக் கேட்கிறவர்கள் உண்டு. வேறு எங்கேயோ விசாரித்துவிட்டு, "நாலு பிஸ்டனும் போச்சாமுங்கண்ணா, என்ஜினே மாத்தோணுமாமா" என்று கலங்கி வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றே: சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றி, அளந்து பார்த்த பிறகு பேசுவோம்.

அளப்பது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிஸ்டன் தலையில் பிறை நிலா மாதிரி ஒரு தடம் தெரிந்ததும் எல்லாரும் அதையே பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். தடம் பெரிதாகத் தெரிந்தால் பிஸ்டனைக் குப்பையில் போடுகிறார்கள். சிறிதாகத் தெரிந்தால் துடைத்துவிட்டு ஹெட்டை மாட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பிஸ்டன் இன்னும் உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிற இடங்கள் கண்ணுக்கு நேரே இல்லை. முதல் ரிங்குக்கு மேலே இருக்கும் ஒல்லியான விளிம்பு, அதாவது டாப் லேண்ட். ரிங் உட்காரும் பள்ளம். உள்ளே பிஸ்டன் பின்னைத் தாங்கும் பாஸ். கீழே பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. இந்த நான்கும் நன்றாக இருந்தால் தலையில் உள்ள தடம் பெரும்பாலும் பெரிய விஷயம் இல்லை. இவற்றில் ஒன்று கெட்டிருந்தால், தலை பளபளவென்று இருந்தாலும் அந்தப் பிஸ்டனையோ ராடையோ போடக் கூடாது.

ஓட்டியவரிடம் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வேகத்தில் அணைந்தது? அப்போது எந்த கியர்? அதற்குப் பிறகு எத்தனை தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள்? வீட்டு வாசலில் காலையில் சாவி போட்டபோது அறுந்ததற்கும், நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அறுந்ததற்கும் வித்தியாசம் அதிகம். மோசமானது மலை இறக்கம். சத்தியமங்கலத்திலிருந்து மேலே திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரில் என்ஜின் பிடிமானத்தில்தான் இறங்குவோம். அங்கே பெல்ட் அறுந்தால், கிளட்சை மிதிக்கிற வரைக்கும் சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு விஷயம், மலையில் பிஸ்டனைப் பற்றி யோசிக்காதீர்கள். என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு ஓரிரு மிதிக்கான வேக்குவம்தான் மிச்சம் இருக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டு வண்டியை நிறுத்துங்கள். உயிருக்குப் பிறகுதான் என்ஜின்.

எல்லா என்ஜினிலும் மோதல் நடக்காது. சில பழைய பெட்ரோல் என்ஜின்களில் வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் தொடாத அளவுக்கு இடைவெளி உண்டு. ஆனால் டீசலில் அந்த நம்பிக்கை வேண்டாம். பிஸ்டன் மேல் முனைக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடம். வால்வோ எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. மோதாமல் தப்ப வழியில்லை.

மோதும் விதமும் இரண்டிலும் வேறு. நாலு வால்வு பெட்ரோல் என்ஜினில் வால்வுகள் சாய்ந்து நிற்பதால் அதன் ஓரம் மட்டும் பிஸ்டனில் படுகிறது. வால்வின் தண்டு சுலபமாக வளைந்து கொடுத்துவிடும், பிஸ்டனில் ஒரு பிறைத் தடம் மட்டும் விழும். அதனால் பெட்ரோலில் வால்வு மொத்தமும் போய்ப் பிஸ்டன் தப்பிப்பது வாடிக்கை. டீசலில் வால்வுகள் பெரும்பாலும் நேராக நிற்கின்றன. தட்டையான முகமும் தட்டையான தலையும் நேருக்கு நேர் மோதும்போது வால்வு வளைய இடமில்லை, அடி தண்டு வழியாக மேலே போகிறது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் விரல் ராக்கர் என்ற சின்ன நெம்புகோல் உள்ள சில என்ஜின்களில் ராக்கர் ஒடிந்து மற்றதைக் காப்பாற்றிவிடும். கேம் நேராக, வால்வின் மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற பக்கெட் டாப்பெட்டை அழுத்துகிற என்ஜின்களில் கேமைப் பிடித்திருக்கும் கேம் கேப் வெடிக்கும், கேம் ஷாஃப்டே இரண்டாக ஒடியவும் செய்யும். அதே அடி கீழ்ப்பக்கமாகப் பிஸ்டன் பின், ராடு வரைக்கும் இறங்குகிறது என்பதை மறக்காதீர்கள்.

ஹெட்டைக் கழற்றும் முன்

முதல் வேலை, பிஸ்டன்களைப் பாதி உயரத்தில் நிறுத்துவது. நாலு சிலிண்டர் என்ஜினில் முதல் பிஸ்டனின் மேல் முனையிலிருந்து கிராங்கைத் தொண்ணூறு டிகிரி பின்னுக்குத் திருப்பினால் நாலு பிஸ்டனும் நடுவில் வந்து நிற்கும். ஸ்பானர் கொண்டு கையால் மட்டும் திருப்புங்கள். தடுத்தால் அழுத்தம் கொடுக்காதீர்கள், அங்கே ஒரு வால்வு இடிக்கிறது என்று அர்த்தம். மூன்று சிலிண்டர் என்ஜினில் இந்தக் கணக்கு ஒத்துவராது. கேமைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கையோ குளோ பிளக்கையோ கழற்றிவிட்டு, செல்போனில் சொருகிப் பார்க்கும் சின்ன கேமராவை உள்ளே விடுங்கள். இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. கரி படிந்த தலையில் தடம் விழுந்த இடம் பளிச்சென்று அலுமினிய நிறத்தில் தெரியும். எந்த சிலிண்டரில் எத்தனை தடம் என்று எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். வண்டிக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டிய பிறகுதான் நான் ஹெட்டைக் கழற்றுவேன். ஆகப்போகும் செலவு அவருக்கும் கண்ணால் தெரிய வேண்டும்.

கம்ப்ரஷன் குறைவாக இருப்பதை வைத்துப் பிஸ்டன் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். வால்வு வளைந்தாலே கம்ப்ரஷன் பூஜ்யம்தான். காற்றை அழுத்திப் பார்க்கும் சோதனையில் ஏர் கிளீனர் பக்கமோ சைலன்சர் பக்கமோ சீறினால் வால்வு. ஆயில் ஊற்றும் மூடி வழியாக வந்தால் ரிங், பிஸ்டன் பக்கம் சந்தேகம்.

தடத்தை எப்படிப் படிப்பது

ஹெட் வந்துவிட்டது. கரியைச் சுரண்ட உளியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுக்காதீர்கள். டீசலோ கார்பன் கிளீனரோ போட்டு ஊறவிட்டு, மூங்கில் சிம்பையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ வைத்துத் தள்ளுங்கள். பிஸ்டன் ஓரத்துக்கும் போருக்கும் (சிலிண்டரின் உட்சுவர்) நடுவில் கிரீஸ் தடவி வைத்தால் கரித்தூள் ரிங்குக்குள் இறங்காது, கடைசியில் கிரீஸோடு துடைத்து எடுத்துவிடலாம். தடம் வெறும் பளபளப்பாக இருந்து, நகத்தை மேலே ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை என்றால் அது கரி விலகிய அச்சு மட்டுமே. அந்தப் பிஸ்டன் பெரும்பாலும் பிழைத்தது.

நகம் தட்டினால் ஆழத்தை அளக்க வேண்டும். டெப்த் கேஜ் போதும். எவ்வளவு வரை விடலாம் என்பதற்கு அந்தந்த என்ஜினின் கையேடுதான் கடைசி வார்த்தை. மோதல் நடந்தாலே பிஸ்டனை மாற்று என்று எழுதியிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கையேட்டில் எதுவும் சொல்லாதபோது நான் வைத்திருக்கும் கணக்கு இது: பெட்ரோல் பிஸ்டனில் தலையின் நடுப்பகுதியில், ஓரத்தை விட்டுத் தள்ளி, அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். டீசலில் அதில் பாதி. டீசல் பிஸ்டனின் தலை நடுவே ஒரு குழி இருக்கும், எரிபொருள் எரிகிற குழி. அதன் உதட்டில் தடம் விழுந்திருந்தால் ஆழம் எவ்வளவு என்று நான் பார்ப்பதே இல்லை, அந்தப் பிஸ்டன் வேண்டாம். சூடும் அழுத்தமும் அதிகம் தாக்குகிற இடம் அந்த உதடு. சாதாரணமாக ஓடிய பிஸ்டனிலேயே வெடிப்பு ஆரம்பிப்பது அங்கேதான். அடி வாங்கிய உதடு எத்தனை மாதம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வால்வுக்காகத் தலையில் பள்ளம் வெட்டியிருக்கும் பிஸ்டன்களில் தடம் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழும். தலையின் கனம் ஏற்கெனவே குறைந்த இடம் அது, கீழே ரிங் பள்ளமும் பக்கத்தில் இருக்கும். அங்கே விழுந்த தடத்துக்கு இரட்டிப்பு சந்தேகம் கொடுங்கள்.

ஓரத்தில் விழுந்த தடம் இன்னும் மோசம். உலோகம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கம் போரைக் கீறும், அதைவிட முக்கியமாக, டாப் லேண்ட் கீழே அழுந்தி ரிங் பள்ளத்தின் வாயை நெரித்திருக்கும். பிதுங்கியதை அரத்தால் ராவிவிட்டு மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே ராவலாம், நெரிந்த பள்ளத்தை எப்படி ராவுவது? ரிங் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், புகை வரும், ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டும். இரண்டாவது தடவை ஹெட் கேஸ்கட், போல்ட், கூலி எல்லாம் சேர்ந்தால் ஒரு பிஸ்டனின் விலையைத் தாண்டிவிடும்.

வால்வின் தலையே ஒடிந்து உள்ளே விழுந்திருந்தால் பேச்சே வேண்டாம், அந்தப் பிஸ்டன் போனது. அதோடு நிறுத்தாமல் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் குலுக்குங்கள். உடைந்த துண்டு மேனிஃபோல்டு வழியாகப் பக்கத்து சிலிண்டருக்குப் போயிருக்கலாம். எக்ஸாஸ்ட் வழியாகப் போன துண்டு டர்போவின் இறக்கையை அடித்திருக்கும்.

ராடு வளைந்திருக்கிறதா

இந்தச் சோதனைக்குப் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டியதில்லை, ஹெட் இல்லாத பிளாக் போதும். இதைச் செய்யாமல் விடுவது பெரிய குறை என்று எனக்குப் படுகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டயல் கேஜைக் காந்த அடித்தளத்தோடு பிளாக்கின் மேல் முகத்தில் நிறுத்துங்கள். அலுமினிய பிளாக்கில் காந்தம் ஒட்டாது, ஒரு நேரான இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டு அதில் ஒட்டுங்கள். பிஸ்டன் மேல் முனையில் பிளாக் முகத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது, அல்லது தாழ்ந்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். கேஜின் முனையை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். பிஸ்டன் போருக்குள் இரு பக்கமும் சற்றே ஆடும். ஆனால் பின் போகும் கோட்டுக்கு நேர் மேலே அந்த ஆட்டம் அளவைக் கெடுக்காது. பின் கிராங்குக்கு இணையாக இருப்பதால், அந்தக் கோடு என்ஜினின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும். அந்தக் கோட்டில் முன்னால் ஒரு இடம், பின்னால் ஒரு இடம், இரண்டிலும் கரியைச் சுத்தமாகத் துடைத்து அளந்து, சராசரி எடுங்கள்.

நாலு சிலிண்டரின் அளவும் நெருக்கமாக இருக்க வேண்டும். மூன்று ஒரே மாதிரி வந்து ஒன்று மட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கழற்றுவேன். முன்பக்க அளவும் பின்பக்க அளவும் ஒரே பிஸ்டனில் மாறுபட்டாலும் அதே சந்தேகம். டீசல் என்ஜினில் இந்த அளவை எழுதி வைத்தே ஆக வேண்டும். எந்தக் கனமுள்ள ஹெட் கேஸ்கட் வாங்குவது என்பதை இதுதான் சொல்லும். கேஸ்கட் ஓரத்தில் இருக்கும் வெட்டுக் குறியோ ஓட்டையோ அதற்கான அடையாளம்.

ராடு வளைந்து நாளாகியிருந்தால் பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரான ஸ்கர்ட்டில் கோணலாகத் தேய்ந்த தடம் இருக்கும். பெல்ட் அறுந்து நேற்று வளைந்த ராடு அப்படி எந்தத் தடத்தையும் காட்டாது. ஆகவே ஸ்கர்ட் நன்றாக இருக்கிறது, ராடு நன்றாக இருக்கும் என்று முடிச்சுப் போடாதீர்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும்: எந்தப் பிஸ்டனை வெளியே எடுப்பது? தடம் வெறும் அச்சாக இருந்து, நாலு உயரமும் ஒத்துப்போனால் நான் பிஸ்டனைத் தொடுவதில்லை. போரோடு பழகிய ரிங்கைக் காரணமில்லாமல் கலைக்கக் கூடாது. ஒரு சந்தேகத்துக்கு, மேல் முனையில் நிறுத்திய பிஸ்டன்களின் மேல் சம அளவு மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, எது சீக்கிரம் கீழே இறங்குகிறது என்று நாலையும் ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மளமளவென்று வடிந்தால் அது, கீழே ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியது. சோதனை முடிந்ததும் ஆயிலை மாற்றுவது கட்டாயம். நகம் தட்டிய தடம், உயர வித்தியாசம், ஓர அடி மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வெளியே எடுங்கள்.

காங்கேயத்திலிருந்து ஒன்றரை லிட்டர் டீசல் கார் ஒன்று வந்தது. அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம், அறுவடை சமயம், வண்டி இல்லாமல் முடியாது. கூட வந்த பையன் கேட்டான்: "ஏனுங்கண்ணா, நாலையும் மாத்தோணுங்களா?" கரி எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் நாலிலும் வெறும் அச்சு. இரண்டில் லேசாக நகம் தட்டியது. மூன்றில் தடம் பெரிதில்லை, ஆனால் ஓரத்தை ஒட்டி இருந்தது. உயரம் நாலும் ஒன்று. இரண்டையும் மூன்றையும் வெளியே எடுத்தோம். பார்வைக்கு மோசமாக இருந்த இரண்டாவது எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. பார்க்க நன்றாக இருந்த மூன்றாவதில் ரிங் ஓரிடத்தில் இறுகி நின்றது. ஒரே ஒரு பிஸ்டன் மாற்றினோம். "கண்ணு, இந்த ரிங்கை நீயே சுத்திப் பாரு" என்று பையன் கையில் கொடுத்தேன். அவன் விரலுக்கே தெரிந்தது.

வெளியே எடுத்த பிஸ்டனை என்ன செய்வது

எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் முன்னால் என்று முதலில் குறியிடுங்கள். கழுவும்போது ஒரு பெரிய எச்சரிக்கை: காஸ்டிக் சோடா தொட்டியில் பிஸ்டனைப் போடவே கூடாது. இரும்பு பிளாக்கைக் கழுவ நம் பட்டறைகளில் அந்தத் தொட்டி இருக்கும், பையன்கள் பழக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். கம்பிப் பிரஷ் சக்கரமும் வேண்டாம், சின்னக் கண்ணாடி மணிகளைக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங்கும் வேண்டாம். மணி ஒன்று ரிங் பள்ளத்திலோ ஆயில் ஓட்டையிலோ தங்கினால் புது பேரிங்கை அது தின்னும். சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், பல் துலக்கும் பிரஷ், பொறுமை. அவ்வளவு போதும்.

பழைய ரிங்கைக் கழற்றி, புது ரிங்கின் வெளி ஓரத்தைப் பள்ளத்தில் வைத்துப் பிஸ்டனைச் சுற்றி உருட்டிக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முழுக்க ஒரே தளர்வாக ஓட வேண்டும். எங்கேயாவது பிடித்தால் அங்கே லேண்ட் அழுந்தியிருக்கிறது. அப்புறம் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜை ரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். பல கார் என்ஜின்களில் மேல் ரிங்குக்கு 0.03 முதல் 0.08 மி.மீ. வரை இருக்கும், சரியான எண்ணுக்குக் கையேட்டைப் பாருங்கள். டீசலில் மேல் ரிங் ஆப்பு வடிவில் இருந்தால் ஃபில்லர் கேஜ் கணக்கு ஒத்துவராது, உருட்டிப் பார்ப்பதும் கண்ணும்தான் வழி. இன்னொன்று, டீசல் பிஸ்டன்களில் மேல் பள்ளத்துக்கு வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை அலுமினியத்தோடு சேர்த்து வார்த்திருப்பார்கள். அடி பட்டால் அந்த இரண்டு உலோகமும் சேரும் கோடு விட்டிருக்கலாம். அந்தக் கோட்டில் மயிரிழை தெரிந்தாலும் பிஸ்டனை ஒதுக்கிவிடுங்கள்.

வெடிப்பு பார்க்க டை டெஸ்ட், அதாவது சாயம் அடித்துப் பார்க்கும் சோதனை. பிஸ்டன் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த வார்ப்பு. சிலிக்கான் பல பிஸ்டன்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் இருக்கும். தேய்மானத்துக்கு அது நல்லது, ஆனால் அடி பட்டால் நசுங்குவதோடு நிற்காமல் வெடிக்கவும் கூடிய உலோகம். காந்தத்தை வைத்துப் பார்க்கும் சோதனை ராடுக்கும் கிராங்குக்கும் நடக்கும், அலுமினியத்தில் நடக்காது. டை டெஸ்டுக்கு மூன்று ஸ்பிரே டப்பா வேண்டும், வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். கோவையில் கணபதி, அரசூர் பக்கம் ஃபவுண்டரி வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை, கேட்டால் செய்துகொடுப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் சுத்தம் செய்து உலர்த்தி, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள்; பிஸ்டன் மேலேயே நேராக அடித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். கடைசியில் வெள்ளைப் பொடி. வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாகக் கசிந்து தெரியும். சிதறிய சிவப்புப் புள்ளிகள் வார்ப்பின் துளைகளாக இருக்கலாம்; கோடு என்றால் சமாதானம் வேண்டாம். குழி உதடு, டாப் லேண்ட், பிஸ்டனைக் கவிழ்த்து உள்ளே பின் பாஸ் தலையோடு சேரும் மூலை, ஆயில் ரிங் பள்ளத்து ஓட்டைகள் என்று பாருங்கள். பின் பாஸ் மூலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

பெரியவர்கள் பிஸ்டனைப் பின்னில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டி, மணி போல ஒலிக்கிறதா என்று கேட்பார்கள். மந்தமான சத்தம் வந்தால் வெடிப்பு என்பது சரிதான். நல்ல ஒலி வந்ததால் வெடிப்பே இல்லை என்று மட்டும் முடிவுகட்ட முடியாது.

ஸ்கர்ட்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில், பின்னுக்குக் குறுக்கே, கையேடு சொல்லும் உயரத்தில் அளந்து பாருங்கள். பின் கையால் அழுத்தினால் சீராக நகர வேண்டும். சிக்கிச் சிக்கி நகர்ந்தால் பின்னோ பாஸோ அடி வாங்கியிருக்கிறது.

எல்லாம் தேறிய பிஸ்டனில் தடத்தின் கூரான ஓரத்தை மட்டும் எடுக்க வேண்டும். கூர் நின்றால், குறிப்பாகப் பெட்ரோலில், அது கங்காகச் சிவந்து பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். 400 நம்பர் எமரியும் பிறகு 800ம், எண்ணெய் தொட்டு, மேலெழுந்த பிசிறை மட்டும் மழுங்கடியுங்கள். தடத்தின் அடியைத் தேய்த்துச் சமமாக்க முயல வேண்டாம். தலையின் வெளிவட்டத்தில் எமரி படவே கூடாது.

புதிதாக ஒன்று போடுவதானால்

ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றுவதில் தப்பில்லை. தலையில் குத்தியிருக்கும் சைஸ் எழுத்து போருக்குப் பொருந்த வேண்டும், எடை மற்ற மூன்றோடு சில கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். கிராம் காட்டும் தராசு இல்லாத ஊர் இல்லை. வெளியே வந்த பிஸ்டனுக்குப் புது ரிங், பின்னை நகராமல் பிடிக்கும் புது சர்க்ளிப். ரிங்கைப் போரில் தனியாக விட்டு முனை இடைவெளி பார்த்து, போருக்கு லேசான ஹோனிங், அதாவது கல்லால் மெல்லத் தேய்த்தல். வண்டி அதிகம் ஓடியதாக இருந்தால் நாலுக்கும் ரிங் மாற்றச் சொல்வேன், குறைவாக ஓடிய வண்டியில் எடுத்ததற்கு மட்டும். உயர வித்தியாசம் வந்த ராடை அழுத்தி நிமிர்த்தித் தரும் லேத்துக்காரர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை, ராடு மாற்றிவிடுவேன். முறுக்கி நீளும் வகை ராடு போல்ட், ஹெட் போல்ட் இரண்டும் ஒரு தடவைக்குத்தான். டீசலில் பிஸ்டனை இறக்கும்போது கீழே ஆயில் பீய்ச்சும் சின்னக் குழாயை ராடு இடித்து வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிஸ்டனையும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதாவது மூன்று நாலில் தடம் ஆழமாக இருந்து போரும் தேய்ந்திருந்தால், பழைய என்ஜினுக்கு அவ்வளவு செலவு தேவையா என்று வண்டிக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடிவு அவருடையது.

பெல்ட் ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் புது பெல்ட் மாட்ட வேண்டாம். வயதாகி வெடித்ததா, கேம் சீலில் கசிந்த ஆயில் ஊறியதா, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ, வழிநடத்தும் உருளையான ஐட்லரோ, வாட்டர் பம்ப் பேரிங்கோ இறுகியதா? பெல்ட் கிட்டோடு இவற்றையும் சேர்த்தே மாற்றுகிறேன்.

மாட்டி முடித்ததும் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி நேராக வருகிறதா பாருங்கள். எங்கேயும் முட்டக் கூடாது. ஓடத் தொடங்கிய பின் ஆயிலும் ஃபில்டரும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் மினுமினுப்பு இருக்கலாம். அடுத்த ஃபில்டரிலும் அலுமினியத் தூள் வந்தால், அல்லது ஆயில் மூடியைத் திறந்தால் புகை ஊதினால், காற்றழுத்தச் சோதனையை நாலு சிலிண்டரிலும் மறுபடி செய்து, எது விட்டுக்கொடுக்கிறதோ அதைத் திறந்து பாருங்கள்.